கோச்சைப் பார்க்கப் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே!

வாழ்க்கையில் ஒரு படி மேலே போக 'லைஃப் கோச்' வைத்துக்கொள்வது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். போடி, கம்பம், குமுளி, சித்தூர், செங்கோட்டை என்று மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வந்து குவிந்துவிட்டது. ஏறக்குறைய எல்லாரும் கடைசி வரியில் "பெயர் போடவேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் தொல்லை பற்றி எழுதச் சொன்னபோதுகூட பெயர், இனிஷியலோடு எழுதியவர்கள்தான் நீங்கள். சரி, ஊர் மட்டும் போடுகிறேன்.

அக்கா, எனக்கு 29 வயது. அப்பாவின் ஏலக்காய் வியாபாரத்தைக் கூட இருந்து பார்க்கிறேன். ஏலத்தில் காய் எடுப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஆன்லைனில் நேரடியாக விற்கவேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எழுவதும் லேட்டாகிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு கோச் வருகிறார். 90 நாள், 12 செஷன், எல்லாம் ஜூமில், 60,000 ரூபாய். இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால் 35,000 என்கிறார். அப்பாவிடம் சொன்னால், "பேசுறதுக்குக் காசா? அந்தப் பணத்துக்குக் காய் எடுத்துப் போடு" என்கிறார். கோச் என்னதான் செய்வார்? சேரலாமா? – வாசகர், போடி

தம்பி, முதலில் அந்த 12 மணி. கட்டாதீர்கள். ஏலத்தில் பக்கத்து ஆள் விலையை ஏற்றுகிறான் என்று பதறிப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று போடிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 35,000-க்குக் கொடுக்க முடிகிறதென்றால் 60,000 என்ற விலை எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை விடப் பெரிய கேள்வி, நிதானமாக யோசித்து முடிவெடுக்கக் கற்றுத்தருகிறேன் என்பவர் உங்களை ஏன் யோசிக்க விடாமல் விரட்டுகிறார்?

அப்பா கேட்டதும் நியாயமான கேள்விதான். கோச் உங்களுக்கு வியாபாரம் சொல்லித்தரப் போவதில்லை. 8 மில்லிமீட்டர் காய்க்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் கிலோவுக்கு என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தொழில் நுணுக்கம் வேண்டுமென்றால் ஆலோசகரைப் பிடிக்கவேண்டும், அனுபவம் வேண்டுமென்றால் அப்பாவே இருக்கிறார். கோச்சின் வேலை கேட்பது. நீங்கள் செய்யப்போகிறேன் செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது ஏன் நடக்கவில்லை என்பதை உங்கள் வாயிலிருந்தே வரவைப்பது, அப்புறம் அடுத்த வாரம் வந்து "செய்தீர்களா?" என்று மறக்காமல் கேட்பது. ஒரு செஷன் எப்படிப் போகும் என்று உங்கள் விஷயத்தையே வைத்துக் காட்டுகிறேன்.

"ஆன்லைன்ல விக்கணும் சார்."

"மாசம் எவ்வளவு?"

"ஒரு இருபது கிலோ போனாக்கூட போதும்."

"இதுவரைக்கும் நேரடியா யாராவது கேட்டிருக்காங்களா?"

"மதுரையில ஒரு ஸ்வீட் கடைக்காரர் கேட்டார்."

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"என்ன சொன்னீங்க?"

"அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"கேட்டீங்களா?"

இந்த இடத்தில் நல்ல கோச் வாயை மூடிக்கொண்டு இருப்பார். நீங்கள் பேசும்வரை அவர் பேசமாட்டார். அரைகுறை கோச்சாக இருந்தால் உடனே "தன்னம்பிக்கை வேணும் பாஸ்" என்று ஆரம்பித்துவிடுவார், அங்கேயே உங்கள் காசு வீண். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெப்சைட் போடத் தெரியாமலா மூன்று வருஷம் ஓடியது? அப்பாவோடு உட்கார்ந்து பேசவேண்டிய ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடத்தான் காலையில் எழுவதும் லேட்டாகிறதோ என்னவோ. இது என் ஊகம். கோச் ஊகிக்கக்கூடாது, கேட்கவேண்டும். அதனால்தான் நான் கோச் இல்லை, கேள்வி பதில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரிசை உண்டு. என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி இருக்கிறது, இவற்றில் எதை எப்போது செய்யப்போகிறீர்கள். 1980களில் பிரிட்டனில் ஜான் விட்மோரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் உருவாக்கிய முறை இது. இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'குரோ' (GROW) என்பார்கள். விட்மோர் அதற்கு முன் கார் பந்தய வீரர்! இன்றைக்குப் பெரும்பாலான கோச்சுகள் இதையோ இதன் தம்பி தங்கைகளையோதான் வைத்திருக்கிறார்கள். இதில் ரகசிய வித்தை எதுவும் இல்லை. அதனால் "என்னிடம் மட்டுமே உள்ள ஃபார்முலா" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் தேவையில்லை. நான் நாளைக்கே மாட்டலாம். ஆனால் 1995-ல் தொடங்கிய ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பு படிநிலையாகச் சான்று கொடுக்கிறது. ஏசிசி என்றால் குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம், பிசிசி என்றால் 500, எம்சிசி என்றால் 2,500. அதற்கு மேல் பயிற்சியும் தேர்வும் உண்டு. யாருக்குச் சான்று இருக்கிறது என்று அவர்கள் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். சான்று இருப்பவரெல்லாம் நல்லவர் என்றோ இல்லாதவரெல்லாம் டுபாக்கூர் என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் 'சர்டிஃபைட்' என்று போட்டிருப்பவரிடம் "யார் கொடுத்தது, எத்தனை மணி நேரம்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. இரண்டு நாள் ஓட்டல் வகுப்பில் வாங்கிய சர்டிஃபிகேட்டும் சர்டிஃபிகேட்தான் இந்த நாட்டில்.

சேருவதானால் முதலில் ஒரே ஒரு செஷன் பேசிப் பாருங்கள், இலவசமாகவோ காசு கொடுத்தோ. அந்த ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினார்கள் என்று மட்டும் கவனியுங்கள். அவர் பேசியது அதிகமென்றால் அது சொற்பொழிவு, யூடியூபில் சும்மாவே கிடைக்கும். பிடித்திருந்தால் மூன்று நான்கு செஷனுக்கு மட்டும் கட்டுங்கள். நாள் மாற்றினால் என்ன, பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, இதெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். பில் வாங்குங்கள். ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் சேர்த்தால் ஜிஎஸ்டி எண் பில்லில் இருக்கவேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த மதுரைக்காரரின் நம்பர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோச் இல்லாமலேயே பாதி வேலை ஆகிவிடும்.

நான் டீச்சர். வீடு குமுளியில், வேலை வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில். ஹெச்.எம். பொறுப்பு வரப்போகிறது. வகுப்பில் பேசுகிற எனக்கு மீட்டிங்கில் வாயே வரமாட்டேன் என்கிறது. தேக்கடி ரோட்டில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே மாடியில் ஒரு சேச்சி கோச்சிங் செய்கிறார், நன்றாகச் செய்வார் என்கிறார்கள். ஆனால் அந்தப் படியில் நான் ஏறினால் சாயங்காலத்துக்குள் என் மாமியாருக்குத் தெரிந்துவிடும். "டீச்சருக்கு என்னவாம்?" என்று ஊர் கேட்கும். ஆன்லைனில் சென்னையில் ஒருவர் இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு ரூம், ஐந்து பேர். நேரில் போவது நல்லதா, ஆன்லைனா? – வாசகி, குமுளி

டீச்சர், இந்தக் கேள்வியை வேறு எங்காவது கேட்டால், நேரில் என்றால் முகமும் கைகாலும் பேசுவது தெரியும், ஆன்லைன் என்றால் அலைச்சல் மிச்சம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பொய்யில்லை. ஆனால் நம் மாதிரி ஊர்களுக்கு அது பாதி பதில்தான். எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கிற இடத்தில் முதலில் பார்க்கவேண்டியது, ஒரு மணி நேரம் யார் காதிலும் விழாமல் நீங்கள் வாய்விட்டுப் பேச எங்கே இடம் இருக்கிறது என்பதுதான். அந்த இடம் மாடிப்படிக்கு மேலே இருந்தால் நேரில் போங்கள். போனுக்குள் இருந்தால் போனில் பேசுங்கள். மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது "எனக்கு எதில் பயம்?" என்ற கேள்விக்கு யாராலும் நிஜமான பதில் சொல்ல முடியாது. "ஒண்ணுமில்லை மேடம், எல்லாம் ஓகேதான்" என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு அதற்குக் காசும் கொடுப்பீர்கள். கோச் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டை விட்டுத்தள்ளுங்கள். பள்ளி விட்டபிறகு ஒரு காலி வகுப்பறை இருக்கும், பியூனிடம் "ஒரு ஆன்லைன் டிரெயினிங்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். கார் இருந்தால் ஓரமாக நிறுத்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசலாம், நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே பேசுங்கள். வீடியோ கட்டாயமில்லை. முதல் ஒன்றிரண்டு தடவை முகம் பார்த்துப் பேசிவிட்டால் அப்புறம் குரல் மட்டும் போதும், முகத்தைக் காட்டவேண்டாம் என்றதும் சிலருக்குப் பேச்சு இன்னும் தாராளமாக வருகிறது. வீடியோ இல்லாமல் முடியவே முடியாது என்று பிடிவாதம் பிடிக்கும் கோச் உங்களுக்குச் சரிப்பட மாட்டார்.

சில்லறை விஷயங்கள்: நம் பக்கம் போன் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவரையும் அடுத்த நிமிஷம் கேரள டவரையும் பிடிக்கும், ஆடி மழையில் கரண்டும் போகும். லைன் கட்டானால் யார் யாரைக் கூப்பிடுவது, போன நேரம் திரும்பக் கிடைக்குமா என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். இலவச ஜூம் 40 நிமிஷத்தில் தானாக அறுந்துவிடும், நீங்கள் அழுதுகொண்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. செஷனைப் பதிவு செய்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது, நீங்களும் அவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

இப்போது சேச்சி. உங்கள் பிரச்சினை பத்துப் பேர் நடுவில் எழுந்து பேசுவது. அதற்கு ஒரே அறையில் ஒருவர் எதிரில் நின்று பேசிப் பழகுவது உபயோகம். குரல் எந்த வார்த்தையில் இறங்குகிறது, கை எப்போது சேலைத் தலைப்பைத் தேடுகிறது என்பதெல்லாம் நேரில்தான் பிடிபடும். அதனால் அவரை உடனே தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் போனிலும், லீவு நாளில் ஒன்றிரண்டு தடவை மட்டும் நேரிலும் பார்க்கலாமா, அதுவும் கடை மாடியில் இல்லாமல் அவர் வீட்டிலோ வேறு இடத்திலோ பார்க்கலாமா என்று கேளுங்கள். இந்த மாதிரி ஊரில் தொழில் செய்பவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

சேர்வதற்கு முன் அவரிடம் சாதாரணமாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "எங்க ஸ்கூல்ல இருந்து யாராவது உங்ககிட்ட வர்றாங்களா சேச்சி?" சிரித்துக்கொண்டே "அதெல்லாம் சொல்லமாட்டேன் டீச்சரே" என்றால் சேருங்கள். "ஆமா, கணக்கு சார் வர்றார், பாவம் அவருக்கு…" என்று ஆரம்பித்தால் அந்தப் படியில் ஏறவே ஏறாதீர்கள்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "ஹெச்.எம். வேலைக்கு டிரெயினிங்." அது பொய்யும் இல்லை.

கோச் மலையாளி. எனக்கு மலையாளம் நன்றாக வரும், பள்ளியில் படித்ததும் மலையாளம்தான். ஆனால் வீட்டில் தமிழ். எந்த மொழியில் பேசுவது? – வாசகர், சித்தூர் (பாலக்காடு)

கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்களோ அந்த மொழியில். அவருக்குத் தமிழ் கேட்டால் புரிந்தாலே போதும். நீங்கள் தமிழில் சொல்லுங்கள், அவர் மலையாளத்தில் கேட்கட்டும். பாலக்காட்டுக்காரருக்கு இதில் என்ன கஷ்டம்! தப்பில்லாமல் பேசவேண்டும் என்ற எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் தாவாதீர்கள். ஆங்கிலத்தில் நமக்கெல்லாம் இன்டர்வியூ பதில்தான் வரும்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வாளையாறு தாண்டி தினமும் போய் வருகிறேன். மேனேஜர் ஆக்குவதற்கு முன் எனக்கு ஆறு மாசம் கோச்சிங் என்று கம்பெனியே ஏற்பாடு செய்திருக்கிறது, காசும் அவர்களே கட்டுகிறார்கள். நான் சொல்வதெல்லாம் ஹெச்.ஆருக்குப் போகுமா? – வாசகர், கோவை மதுக்கரை

நல்ல கேள்வி, முதல் செஷனிலேயே இதைத்தான் கேட்கவேண்டும். காசு கட்டுகிறவர் ஒருவர், பேசுகிறவர் இன்னொருவர் என்றால் எது யாருக்குப் போகும் என்று மூன்று பேரும் ஆரம்பத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளவேண்டும் என்று ஐசிஎஃப் நெறிமுறையே சொல்கிறது. பொதுவாக கம்பெனிக்குப் போவது, நீங்கள் செஷனுக்கு வந்தீர்களா, எந்த இலக்குகளுக்கு வேலை நடக்கிறது என்ற அளவுதான். நீங்கள் பேசியது போகக்கூடாது. இதை ஹெச்.ஆர்., நீங்கள், கோச் மூவரும் இருக்கிற ஒரு மெயிலில் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் நம்பிக்கை சார்" என்று மழுப்பினால், ஷிப்ட் எப்படிப் பிரிப்பது, மீட்டிங் எப்படி நடத்துவது என்பது மாதிரி தொழில் விஷயங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலதிகாரியைப் பற்றிய மனக்குமுறலை வாளையாறு தாண்டி வந்து வீட்டில் சொல்லுங்கள்.

எங்கள் மகன் பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் ஆகிறது. நீட் எழுதினான், கிடைக்கவில்லை. இரண்டு மூன்று மாதமாக ரூமை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. "எதுக்கு எல்லாம்" என்கிறான். உறவினர் ஒருவர் திருவனந்தபுரத்தில் ஒரு கோச்சிடம் சேர்த்தால் ஆறு வாரத்தில் ஆளே மாறிவிடுவான் என்கிறார். அனுப்பலாமா? – வாசகர், செங்கோட்டை

ஐயா, வேண்டாம். இப்போது வேண்டாம். முதலில் டாக்டர்.

தூக்கம் போய், சாப்பாடு போய், "எதுக்கு எல்லாம்" என்ற பேச்சும் மாதக்கணக்கில் நீடித்தால் அது சோம்பேறித்தனமோ இலக்கு இல்லாததோ இல்லை, மனநல மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம். மருத்துவரும் உளவியலாளரும் செய்கிற வேலையை கோச் செய்யக்கூடாது. நல்ல கோச்சாக இருந்தால் இந்த நாலு வரியைக் கேட்டதுமே அவரே டாக்டரிடம் அனுப்பிவிடுவார். 'ஆறு வாரத்தில் ஆளே மாறிவிடுவான்' என்று சொல்லும் கோச் யாராக இருந்தாலும் அந்த வகை இல்லை.

இன்றைக்கே 14416-க்கு போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். மகன் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம், எப்படி அவனை அழைத்துப்போவது என்று சொல்வார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். தனியாரிடம் உளவியலாளரைப் பார்ப்பதானால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கவேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். கோச் விஷயத்தில் அப்படி ஒரு பதிவே கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா, வித்தியாசம் அங்கேதான்.

சாகவேண்டும் என்கிற மாதிரி எதுவும் அவன் வாயில் வந்திருந்தால் அவனைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டாம், மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போங்கள். வெட்கம், உறவினர் பேச்சு எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள். உடம்பும் தூக்கமும் நேராகி, அடுத்து என்ன படிப்பது என்று அவனே கேட்கும் நாளில், அவனுக்கு இஷ்டமிருந்தால் கோச் பற்றி யோசிக்கலாம். அவனுக்கு இஷ்டமிருந்தால். பெற்றோர் காசு கட்டி, பிள்ளையை உட்காரவைத்து நடக்கும் கோச்சிங் எதுவும் உருப்பட்டதை நான் பார்த்ததில்லை.

கொச்சியில் இருக்கும் ஒரு கோச்சிடம் ஆன்லைனில் ஐந்து செஷன் முடித்தேன். பத்துக்குப் பணம் கட்டியிருந்தேன், 40,000 ரூபாய். ஆறாவது செஷனுக்குப் பதிலாக, "உங்களிடம் பெரிய திறமை இருக்கிறது, நீங்களே கோச் ஆகலாம், ஒன்றரை லட்சம் கட்டினால் சர்டிஃபிகேட், அப்புறம் நீங்கள் சேர்த்துவிடும் ஒவ்வொருவருக்கும் கமிஷன்" என்றார். நான் மறுத்ததிலிருந்து போனே எடுப்பதில்லை. நான் கம்பத்தில் இருக்கிறேன், கொச்சிக்கு அலைய முடியாது. போன பணம் போனதுதானா? – வாசகி, கம்பம்

போகவில்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்துக்கு நீங்கள் மயங்காததற்கு முதலில் ஒரு சபாஷ். ஆள் சேர்த்தால் காசு, அவர் ஆள் சேர்த்தால் இன்னும் காசு என்பதற்கு கோச்சிங் என்று பெயர் வைத்தாலும் சோப்பு என்று பெயர் வைத்தாலும் ஒன்றுதான். இப்படிப் பணத்தைச் சுழற்றும் திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தைத் தடுக்கின்றன.

பாக்கி ஐந்து செஷனுக்கான 20,000 உங்கள் பணம். எத்தனை செஷன் முடிந்தது, எத்தனை பாக்கி, எந்தத் தேதிக்குள் திருப்பித் தரவேண்டும் என்று நான்கு வரி எழுதி வாட்ஸ்அப், மெயில் இரண்டிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டிலும் போடுங்கள். திட்டவேண்டாம், பயமுறுத்தவேண்டாம். பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய விளம்பரம், அந்தக் கமிஷன் பேச்சு எழுத்தில் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நம்பரை பிளாக் செய்துவிட்டு சாட்டை அழித்துவிடுகிற அவசரம் நிறையப் பேருக்கு உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். எல்லைக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டியது இதுதான்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிராளி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொச்சிக்குப் போகவேண்டாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும், அவ்வளவுதான். பல பேர் நோட்டீஸ் வந்ததும் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள், ஆணையம் வரை போவதில்லை.

ஏழெட்டு மாதமாக ஒரு கோச்சிடம் போனில் பேசுகிறேன். நல்லவர், ஏமாற்று இல்லை. ஆரம்பத்தில் நிறைய மாறியது. இப்போது வாரா வாரம் பேசுவது பிடித்திருக்கிறது, ஆனால் எதற்குப் பேசுகிறோம் என்று தெரியவில்லை. நிறுத்தவும் மனமில்லை. – வாசகர், கூடலூர் (தேனி)

நாலு பேர் இருக்கிற வீட்டிலும் நம் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் கேட்க ஆள் இல்லை, அதனால் பிடித்திருக்கிறது. அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு இவ்வளவு காசு அதிகம்.

கடைசி மூன்று நான்கு பேச்சில் "இதைச் செய்கிறேன்" என்று சொல்லிச் செய்தது என்ன என்று எழுதிப் பாருங்கள். ஒன்றுமே எழுத வரவில்லையென்றால் வேலை முடிந்துவிட்டது, அரட்டை மட்டும் மிச்சம். அவரிடம் நேராகவே சொல்லுங்கள், "சார், வாரா வாரம் வேண்டாம், மாசம் ஒரு தடவை வச்சுக்கலாமா?" நேர்மையானவர் என்கிறீர்கள், முகம் சுளிக்கமாட்டார். பலருக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருக்கும், அவர்களும் சொல்லத் தயங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். மாசம் ஒன்று என்று இரண்டு தடவை போகட்டும், நடுவில் வண்டி தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மூன்றாவது மாசம் கூப்பிடவேண்டாம். நின்றுவிட்டால், எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு போய் அதை மட்டும் பேசுங்கள். அப்போது எதற்குப் பேசுகிறோம் என்ற சந்தேகம் வராது.